எத்தினையாம் பிள்ளை? பெற்றோருக்கான கற்றல் செயலி ஒன்றை மட்டக்களப்பிலிருந்து யோசித்தல்

தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் மட்டக்களப்பில் எந்தப் பாடசாலை வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: “மகள் எத்தினையாம் பிள்ளை?” வகுப்பில் எத்தனையாவது நிலை என்பதுதான் கேள்வி. ஐந்தாம் பிள்ளை என்றால் அம்மா அதைச் சத்தமாகச் சொல்வார். இருபத்திரண்டாம் பிள்ளை என்றால் அறிக்கை நாலாக மடிந்து கைப்பைக்குள் போய்விடும். பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளா, சரளமாக வாசிக்கிறாளா, கழித்தலில் எங்கே இடறுகிறாள் என்று அந்த வாசலில் யாரும் யாரையும் கேட்டு நான் கண்டதில்லை.

அக்கறை இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. காதில் கிடந்ததை அடகு வைத்து ரியூசன் காசு கட்டுகிற பெற்றோர் இவர்கள். பாடசாலை அவர்கள் கையில் கொடுப்பது பாடத்துக்கு ஒரு புள்ளி, கூட்டுத்தொகை, சராசரி, வகுப்பில் எத்தனையாவது என்ற நிலை. அந்த நாலையும் வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய கேள்வி அதுதான்.

பிள்ளையின் கற்றலைப் பெற்றோர் பின்தொடர ஒரு கைப்பேசிச் செயலி செய்வோம் என்று பேச்செடுத்தால், அநேகமாக முடிவது அதே அறிக்கையைத் திரைக்கு மாற்றுவதில்தான். வருடத்துக்கு மூன்று தடவை வந்த புள்ளி இனி வாரத்துக்கு வாரம் வரும். கோடு ஒன்று ஏறும், இறங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும். நானும் ஆசிரிய நண்பர்கள் இருவரும் கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒரு தம்பியும் சேர்ந்து இப்படியொரு செயலியை மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோரத்துக்கும் பொருந்தும்படி யோசித்து வருகிறோம். இன்னும் கடதாசியில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. புள்ளியை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செயலி அந்த வாசல் கேள்வியை வீட்டுக்குள்ளேயே குடியேற்றிவிடும். பிள்ளை இப்போது எதில் நிற்கிறாள், இன்றிரவு அவள் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து என்ன செய்யலாம் என்று சொல்கிற செயலிதான் நமக்குத் தேவை. மற்ற முடிவுகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

52இலிருந்து 27

தரம் 3 பிள்ளை ஒருத்தியின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்ப்போம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லியிருக்கிறது. 35 என்று எழுதியிருக்கிறாள். ரீச்சர் சிவப்புப் பேனையால் பிழை போட்டிருக்கிறார். அடுத்தது 64இலிருந்து 38. விடை 34, அதற்கும் பிழை. மூன்றாவது 78இலிருந்து 35. விடை 43, சரி. மூன்றில் ஒன்று சரி. இப்படியான கணக்குகள் பலவும் சேர்ந்து தவணை முடிவில் கணிதம் 58 என்று அறிக்கையில் ஏறும்.

இந்தப் பிள்ளை கண்டபடி பிழை விடவில்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஆகவே 35. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கில் இந்த வழி சரியான விடையைத் தரும். கடன் வாங்க வேண்டிய கணக்கில் ஒவ்வொரு தடவையும் பிழையாகும். அவளுக்குப் பிடிபடாதது ஒரேயொரு விஷயம்: ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பது.

இதை வீட்டில் பிடிபடவைக்க அம்மா கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. ஈர்க்கு இருந்தால் போதும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, தனியாக இரண்டு ஈர்க்கு. இதிலிருந்து 27 எடு என்றால் பிள்ளை இரண்டு கட்டை எடுத்து வைத்துவிட்டு ஏழு தனி ஈர்க்கைத் தேடுவாள். கிடப்பது இரண்டுதான். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு ஒரு கட்டை அவிழ்ப்பாள். அவிழ்க்காவிட்டால், “இந்தக் கட்டுக்குள்ள எத்தினை இருக்கு?” என்று கேட்டால் போதும். கடைசியில் நிலத்தில் இரண்டு கட்டும் ஐந்து ஈர்க்கும் மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதிய 35ஐ அவளே பார்க்கட்டும்.

58 என்ற எண்ணை அறிந்த அம்மாவால் பிள்ளையைத் திட்டவோ தட்டிக்கொடுக்கவோ முடியும். “கட்டை அவிழ்க்கத் தெரியவில்லை” என்று அறிந்த அம்மாவால் ஈர்க்கை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார முடியும்.

எங்கள் பாடத்திட்டத்துக்கு இது புதிய விஷயமும் இல்லை. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2ஐ முதன்மை நிலை 1 என்றும், தரம் 3, 4ஐ முதன்மை நிலை 2 என்றும், தரம் 5ஐ முதன்மை நிலை 3 என்றும் பிரித்தது. ஒவ்வொரு நிலை முடியும்போதும் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் எட்டியிருக்க வேண்டியவற்றை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று வகுத்துத் தந்தது. வகுப்பில் பிள்ளையை அவதானித்தே ஆசிரியர் இதைக் கணிப்பிட வேண்டும் என்பது எண்ணம். அதாவது, பிள்ளை எதை எட்டியிருக்கிறது, எதை எட்டவில்லை என்று பார்க்கிற பார்வை பாடசாலைக்குள் ஏற்கெனவே உண்டு. வீட்டுக்கு வந்து சேர்வதுதான் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இதற்குப் பெரிய காரணம். மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளி அறிவிக்கும் அந்த ஒரு பரீட்சையை நோக்கி ஆரம்பப் பிரிவு முழுவதும் சாய்ந்து நிற்கிறது. தரம் 3இலேயே கடந்தகால வினாத்தாள் வாங்கிக் கொடுக்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் என் சொந்தக்காரர்.

புள்ளியையும் காட்டி, குறிப்பையும் பக்கத்தில் போட்டால் என்ன என்று எங்கள் கூட்டத்திலேயே கேள்வி வந்தது. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவியது. தரம் 5, 6 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. புள்ளி பக்கத்தில் இருந்தால் கண் அங்கேதான் போகும். பெற்றோரின் கண் மட்டும் வேறுவிதமாகப் போகும் என்று நான் நம்பவில்லை. அதனால் எங்கள் திரையில் புள்ளியே இல்லை. ஒவ்வொரு தேர்ச்சிக்கும் பக்கத்தில் ஒரு சிறு வாக்கியம் இருக்கும்: “இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள்”, “உதவியோடு செய்கிறாள்”, “தனியே செய்கிறாள்”. நாலாவதாக “திரும்பவும் பார்க்க வேண்டும்” என்பதையும் சேர்த்தோம். டிசம்பர் விடுமுறைக்கு முன்னர் வந்த வாய்ப்பாடு ஜனவரியில் மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒருமுறை ஏறினால் இறங்கவே கூடாது என்று செயலி நினைத்தால் ரீச்சர் பொய் சொல்ல வேண்டிவரும். சிவப்பு நிறத்தை எங்குமே வைக்கவில்லை.

பெற்றோர் என்ற கட்டத்துக்குள் யார்?

செயலி திறந்ததும் பதிவுப் படிவம் வரும். தந்தை பெயர், தந்தையின் தொலைபேசி இலக்கம், தாய் பெயர். வெளியூரில் செய்த செயலிகளில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுகிற எங்களுக்கு இரண்டாவது கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. இதைத் திருத்துவது சுலபம். பாடசாலைச் சேர்விலக்கத்தை வைத்துப் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளலாம். திருத்தக் கடினமானது அதற்கு முதல் வரும் கட்டம்.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு அப்பாலும் நீளும் இந்தக் கரையோரத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருகிறது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருகிறான். அதனால் பிள்ளையைச் சுற்றி எப்போதும் இருப்பவர்கள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, கூப்பிடு தூரத்தில் மாமா. இதன் மேல் இன்னொன்று வந்து சேர்ந்தது. கட்டாரிலும் குவைத்திலும் சவூதியிலும் வேலைக்குப் போன தாய்மாரும் தகப்பன்மாரும் இரண்டு மாவட்டத்திலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படியான வீட்டில் கொப்பியைப் பார்ப்பது அம்மம்மா. அவர் கண்ணாடி தேடி எடுத்துப் பார்த்தாலும் சரி பிழை அடையாளத்தைத் தவிர வேறொன்றும் விளங்காமல் போகலாம்.

ஆகவே ஒரு பிள்ளைக்குப் பல பெரியவர்களைச் சேர்க்க இடம் வைத்தோம். அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர். இன்றிரவு செய்ய வேண்டியது அவருக்குப் போகும். மற்றவர்கள் தூரத்தில் இருப்பவர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு வெறும் அறிவித்தல் மட்டும் போனால் அது அவர்களுடைய கவலையைக் கூட்டும். குவைத்தில் ஒரு வீட்டுக் குசினிக்குள் நின்று “மகன் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான்” என்று வாசிக்கிற தாய் என்ன செய்வாள்? அவளுக்கும் செய்ய ஒன்று வேண்டும். பிள்ளை ஒரு பக்கம் வாசித்து 30 விநாடி பதிவு செய்து அனுப்பலாம். வேலை முடிந்து படுக்கப் போகும்போது அவள் அதைக் கேட்டு, ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். மட்டக்களப்பில் இரவு 8 மணி என்றால் குவைத்தில் மாலை 5.30. அந்த நேரத்தில் அவள் கையில் போன் இருக்காது. பதிவு காத்துக்கிடக்கலாம். பேச்சுக் குரலைச் சுருக்கிச் சேமித்தால் 30 விநாடிக்குச் சுமார் 60 கிலோபைட்தான் பிடிக்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் இதைப்போலப் பல மடங்கு டேட்டா தின்னும்.

இன்னொரு விஷயத்தை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை. 2006, 2007 போர்க்காலத்தில் வாகரையிலிருந்தும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த சிறுவர்கள் இன்று தரம் 1, 2 பிள்ளைகளுக்கு அம்மா அப்பா. அவர்களுக்கு முந்தினவர்களுக்கு 1990 போர் இருந்தது. கரையோரத்தில் 2004 சுனாமி இருந்தது. படிப்பு அறுந்துபோன வயதை ஒவ்வொருவரும் சரியாகச் சொல்வார்கள். பாடசாலைக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் எழுந்து போவதற்குள் இந்தக் கூச்சமும் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாததைச் சுட்டிக்காட்டுகிற எந்தத் திரையும் இரண்டாம் தடவை திறக்கப்படாது.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, போன் அளவில் வெட்டிய மட்டைகளில் திரைகளை வரைந்து கொண்டுபோனோம். வயலுக்குப் போய் வந்து முகம் கழுவிவிட்டு வந்த ஓர் அம்மா மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என் ஆசிரிய நண்பரிடம் கேட்டார்: “ரீச்சர் சொல்றது எல்லாம் இதுல வருது சேர். நான் சொல்றது போறதுக்கு இடம் எங்க?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படியொரு இடத்தை நாங்கள் வரையவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டோம். “இவன் கடைக்குப் போனா மிச்சக் காசு பிழையாம எண்ணிக் கொண்டு வருவான். கொப்பியிலதான் பிழை போடுறான். அது ரீச்சருக்குத் தெரியாதுதானே.” ஒரு தரம் 3 ஆசிரியருக்கு இதைவிடப் பெறுமதியான தகவலை எந்தப் பரீட்சையும் தராது. நூறு ரூபாய்த் தாளை மாற்றத் தெரிந்த பிள்ளைக்குப் பத்தை உடைக்கத் தெரியும். கையில் இருப்பதைக் கடதாசியில் எழுதுவதில்தான் அவனுக்குச் சிக்கல். ரீச்சர் அங்கிருந்து தொடங்கலாம். அன்று மாலையே மட்டையின் அடியில் ஒலிவாங்கிப் படம் ஒன்றை வரைந்து, “ரீச்சருக்குச் சொல்ல” என்று எழுதினோம். எங்கள் செயலியின் சரிபாதி அந்த அம்மா தந்தது என்றே நினைக்கிறேன்.

62 குறிகள்

எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் போன் இல்லை. இருக்கிற வீட்டிலும் அது அண்ணன் கையில் இருக்கும், அல்லது அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். ரீலோட் போடாமல் டேட்டா இல்லாத நாட்கள் உண்டு. படுவான்கரையின் உட்புறத்தில் சில இடங்களில் வீட்டு முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் எடுக்கும். அதனால் செயலி இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும். சிக்னல் கிடைக்கிறபோது சேர வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டன் போன் மட்டும் உள்ள வீட்டுக்குக் குறுந்தகவலும் குரல் அழைப்பும் போக வேண்டும்.

குறுந்தகவலில் தமிழுக்கு ஒரு நெருக்கடி உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 160 குறிகள் கொள்ளும். யுனிகோட் தமிழ் என்றால் 70தான். மெய்யெழுத்தின் புள்ளியும், கால், கொம்பு, விசிறி போன்றவையும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். “மட்டக்களப்பு” என்ற சொல்லில் நாம் காண்பது 8 எழுத்து. வலையமைப்பு எண்ணுவது 12. எழுபதைத் தாண்டினால் தகவல் இரண்டாக உடைந்து செலவும் இரட்டிப்பாகும். அதற்குள் ஒரு வேலையைச் சொல்லி முடிக்க வேண்டும். நாங்கள் எழுதிப் பார்த்த ஒன்று:

“52இல் 27 போனால்? ஈர்க்குக் கட்டு வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.”

இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து 62. பிள்ளையின் பெயரைச் சேர்க்க எட்டுக் குறி மிச்சம். சின்னப் பெயர்தான் கொள்ளும். இப்படி எண்ணி எண்ணி எழுதும்போது பாடத்திட்ட நடை தானாகக் கழன்று விழுகிறது. “விருத்தி செய்தல்”, “பிரயோகித்தல்” என்ற சொற்களுக்கு எழுபதுக்குள் இடமில்லை. வாசலில் நின்று பக்கத்து வீட்டாளிடம் சொல்கிற தமிழுக்குத்தான் இடமிருக்கிறது.

எழுத்தைப் பற்றி இன்னுமொன்று. எங்கள் பாடசாலைகளில் வினாத்தாளும் அறிக்கையும் இன்றைக்கும், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வது வழக்கம். அச்சில் அழகாகத்தான் இருக்கும். அதை அப்படியே செயலிக்குள் ஒட்டினால் “அம்மா” என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். உள்ளே வருகிற எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றுகிற வேலை செயலிக்குரியது. அதை ரீச்சர் தலையில் கட்டக் கூடாது.

குறுந்தகவல் மட்டும் போதுமா என்றால், போதாது என்றுதான் நினைக்கிறேன். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது பொட்சுவானாவில் ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் குறுந்தகவலில் கணிதப் பயிற்சி அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்கு அதோடு கூட வாரம் ஒரு தடவை ஆசிரியர் அழைத்து, பெற்றோரோடும் பிள்ளையோடும் 15, 20 நிமிடம் கணக்குச் செய்தார். அழைப்பும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகளின் அடிப்படைக் கணிதம் தெளிவாக முன்னேறியது. குறுந்தகவல் மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான முன்னேற்றம் காணவில்லை. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகண்டா ஆகிய 5 நாடுகளிலும் இந்த அழைப்பு முறையைச் செய்து பார்த்தார்கள், அங்கும் பலன் கிடைத்தது. மனிதக் குரல் போய்ச் சேர்கிற இடத்தில்தான் வேலை நடக்கிறது. அதனால் எங்கள் வடிவமைப்பில் குறுந்தகவல் ஒரு நினைவூட்டல் மாத்திரம். ரீச்சரின் குரல்பதிவுதான் முதன்மை. பட்டன் போன் உள்ளவர் ஓர் இலக்கத்துக்கு மிஸ்ட் கோல் கொடுத்தால் அந்தப் பதிவு திரும்ப அழைத்துப் பேசும்.

எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதையும் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். மகுரிபுத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ போன் அலறக் கூடாது. பின்னேரம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருப்பார்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் அம்மா வீடு வந்து சேர இருட்டிவிடும். இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் என்று பொதுவாக வைத்துவிட்டு, நேரத்தை வீட்டாரே மாற்ற விட்டோம். நாட்காட்டியும் ஒன்றல்ல. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை, தவணைகளும் அதற்கேற்ப நகரும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 கல்வி வலயங்களும் அம்பாறை மாவட்டத்தில் 7 வலயங்களும் இருக்கின்றன. கல்முனை போன்ற ஒரே வலயத்துக்குள்ளேயே தமிழ், முஸ்லிம் என இரு வகைப் பாடசாலையும் உண்டு. வலயத்துக்கு ஒரு நாட்காட்டி என்று எழுதிய நிரலைத் தம்பி அழித்துவிட்டு, பாடசாலைக்கு ஒன்று என்று மாற்றி எழுதினார்.

ரீச்சரின் ஏழு நிமிடம்

இத்தனையையும் யார் பதிவது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாததால்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல செயலிகள் முதல் தவணையோடு படுத்துவிடுகின்றன. படுவான்கரைப் பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர்களில் பலர் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து வருகிறவர்கள். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூரில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிற்பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் திரும்பவும் அந்தப் பாதையைப் பிடிக்க வேண்டும். பெற்றோர் வயலிலிருந்து வரும்போது ரீச்சர் வாவிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருப்பார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதே தவணைக்கு ஒரு தடவைதான். செயலிக்கான தேவையே இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அதே ரீச்சருக்கு வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, வலயம் கேட்கிற படிவங்கள் என்று எழுத்து வேலை ஏற்கெனவே தலைக்கு மேல்.

வகுப்பில் 35 பிள்ளைகள் என்று வைப்போம். வாரத்துக்கு எல்லாருக்கும் குறிப்பு எழுது என்றால் யாரும் எழுத மாட்டார்கள், அல்லது எல்லாருக்கும் “நன்று” என்று எழுதுவார்கள். ஒரு நாளைக்கு ஏழு பிள்ளை என்றால் ஐந்து நாளில் 35. அன்றைய ஏழு பெயரையும் செயலி காலையிலேயே காட்டிவிடும். ரீச்சர் அன்று அந்த ஏழு பேரைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார். பிறகு ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்: நாலு வாக்கியத்தில் ஒன்றைத் தொட வேண்டும், விரும்பினால் குரலில் ஒரு வரி சொல்ல வேண்டும். இரைச்சல் போடாத, பின்வரிசை வாங்கில் அமைதியாக இருக்கிற பிள்ளையும் வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் கண்ணில் படும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஏழு நிமிடத்துக்கு மேல் கேட்க எங்களுக்கு உரிமையில்லை. தவணை முடிவில் அறிக்கைக்கு வேண்டிய குறிப்பைச் செயலியே தொகுத்துத் தர வேண்டும். ஒரே விஷயத்தை ரீச்சர் இரண்டு இடத்தில் எழுத வேண்டி வந்தால் இரண்டாவது இடம் வெறுமையாகவே இருக்கும்.

பெற்றோர் அனுப்புகிற குரல்பதிவுக்கும் எல்லை வேண்டும். இரவு பத்து மணிக்கு 35 வீட்டிலிருந்து பதிவு வந்தால் எந்த ஆசிரியரால் தாங்க முடியும்? அவை ஒன்றாகச் சேர்ந்து, அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் முறை வரும்போது மட்டும் ரீச்சருக்குக் கேட்கும். அவசரம் என்றால் அதிபரை அழைக்க ஏற்கெனவே தொலைபேசி இருக்கிறது.

யார் யார் பார்க்கலாம்

ஒரு பாடசாலையின் வட்ஸ்அப் குழுவில், முழு வகுப்பின் புள்ளிப் பட்டியலையும் படமெடுத்துப் போட்டதை நான் கண்டிருக்கிறேன். பெயர், புள்ளி, நிலை எல்லாம் வரிசையாக. என் தங்கையின் மகள் அதில் கடைசிக்கு முந்தினவள். அன்று பின்னேரமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் வயிற்றுக்குத்து என்று பாடசாலைக்குப் போகவில்லை. படத்தைப் போட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. சுவரில் ஒட்டுகிற பட்டியல்தானே என்று நினைத்திருப்பார். சுவரில் ஒட்டியது மழைக்குக் கரைந்துவிடும். போனுக்குள் போனது அழியாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளையொன்று தொடர்பான தரவைச் சிறப்பு வகைத் தரவுகளுள் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு வீட்டாருக்குத் தங்கள் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளை எதுவும் தெரியக் கூடாது. வகுப்புச் சராசரியையும் காட்டத் தேவையில்லை, சராசரி வந்தால் பின்னாலேயே நிலையும் வந்துவிடும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டுகிற வசதி, ரியூசன் விளம்பரம், தகவலை வெளியாருக்கு விற்பது எதற்கும் இடமில்லை. பெற்றோர் யாரைச் சேர்த்தார்களோ அவர்களை எடுத்துவிடவும் பெற்றோரால் முடிய வேண்டும். பிரிந்து போன குடும்பங்களில் இது சின்ன விஷயமல்ல.

போன் வீட்டுக்கு ஒன்று என்பதால் பிள்ளையும் அதைப் பார்க்கும் என்று வைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறோம். பிள்ளை தானே வாசித்தாலும் கூனிக் குறுகாத வரியாக இருக்க வேண்டும். “கழித்தல் வராது” என்று எழுதிய ஒரு வரியை நண்பர் தன் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் வாசிக்கக் கொடுத்தார். பிள்ளை வாசித்துவிட்டு மட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டது. “கடன் வாங்கிக் கழிக்கப் பழகுகிறாள்” என்று மாற்றிக் கொடுத்தார். இதுவும் உண்மைதான். இந்தத் தடவை பிள்ளை, “ஈர்க்கு எங்க சேர்?” என்று கேட்டது.

அடுத்த வருட முதலாம் தவணையில் ஒரேயொரு தரம் 3 வகுப்பில், கணிதத்தை மட்டும் வைத்துத் தொடங்க எண்ணியிருக்கிறோம். அதிபரும் வகுப்பாசிரியரும் சம்மதித்திருக்கிறார்கள். குறுந்தகவலுக்கும் திரும்ப அழைக்கிற அழைப்புக்கும் ஆகும் செலவை முதல் தவணைக்கு நாங்கள் நால்வரும் பங்கிட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு பேச வேண்டும். எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கினார்கள் என்று எண்ணப்போவதில்லை. மூன்றாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் வீடு வீடாகப் போய், பிள்ளை இப்போது என்ன பழகுகிறாள் என்று வீட்டில் இருக்கிற பெரியவரிடம் கேட்போம், அம்மம்மாவானாலும் சரி. ரீச்சரின் நேரத்தையும் குறித்துக்கொள்வோம். அது ஏழு நிமிடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினால் திரைகளைக் குறைப்போம். முதலில் எதை எடுப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. “ரீச்சருக்குச் சொல்ல” என்ற பொத்தானைக் கடைசி வரைக்கும் எடுப்பதில்லை என்பதில் மட்டும் நால்வரும் உடன்பட்டிருக்கிறோம்.